உளிக்குச் சாணை பிடிக்க எந்த கிரைண்டர்?

கேள்வி இதுதான்: "மரம் கடைய ஒரு சின்ன லேத் வாங்கியிருக்கிறேன். கூடவே ஆறு உளி உள்ள ஹை ஸ்பீடு ஸ்டீல் (எச்.எஸ்.எஸ்.) செட் ஒன்றும் வந்தது. சாணை பிடிக்க பெஞ்ச் கிரைண்டர் தேவை. 6 இஞ்சா, 8 இஞ்சா? அமெரிக்க வீடியோக்களில் எல்லாரும் ஸ்லோ ஸ்பீடு வாங்கு என்கிறார்கள், இங்கே கடையில் கேட்டால் விழிக்கிறார்கள். சாணைக் கல்லுக்குப் பதிலாகப் போடும் சி.பி.என். வீல் அவசியமா? மாமனாரின் பழைய 6 இஞ்ச் கிரைண்டர் ஒன்று பரணில் கிடக்கிறது. அதை வைத்தே ஓட்டலாமா?"

கோயம்புத்தூரில் கடைக்குப் போய் "நல்ல கிரைண்டர் காட்டுங்க" என்றால் மாவு ஆட்டும் கிரைண்டரைத்தான் காட்டுவார்கள். ஆகவே "சாணை பிடிக்கிற பெஞ்ச் கிரைண்டர்" என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

கிரைண்டர் வாங்குகிற எல்லாரும் மோட்டாரைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். எத்தனை ஹெச்.பி., எத்தனை ஆர்.பி.எம்., என்ன கம்பெனி என்பதோடு விசாரணை முடிந்துவிடும். நானும் அப்படித்தான் வாங்கினேன். பத்து வருஷம் உளி தீட்டிய பிறகு சொல்கிறேன்: உளியைத் தொடுவது கல், உளியைச் சரியான கோணத்தில் பிடித்து நிற்பது ரெஸ்ட்டும் (உளியைத் தாங்கும் தட்டு) ஜிக்கும் (உளியை ஒரே கோணத்தில் பிடிக்கும் அமைப்பு). மோட்டாரின் வேலை கல்லை ஆட்டமில்லாமல் சுற்றுவது மட்டும். கையில் இருக்கும் பணத்தை முதலில் கல்லுக்கும் ஜிக்குக்கும் ஒதுக்குங்கள், மிச்சத்தில் மோட்டாரைப் பாருங்கள்.

ஸ்பீடு பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தைக் கரண்ட்டின் ஹெர்ட்ஸ் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே சாதாரண கிரைண்டர் நிமிடத்துக்கு 3,450 சுற்று, ஸ்லோ ஸ்பீடு 1,725 சுற்று. நம்மிடம் 50 ஹெர்ட்ஸ். அதே சாதாரண மோட்டார், அதாவது இரண்டு 'போல்' (காந்தத் துருவம்) உள்ளது, இங்கே சுமார் 2,850 சுற்றும்; ஸ்லோ ஸ்பீடான நான்கு 'போல்' மோட்டார் சுமார் 1,425 சுற்றும். ஆனால் உளிக்குத் தெரிவது ஆர்.பி.எம். இல்லை, கல்லின் விளிம்பு எவ்வளவு வேகமாக உரசிக்கொண்டு போகிறது என்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க 8 இஞ்ச் சாதாரண கிரைண்டரில் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 37 மீட்டர் ஓடும், அவர்களின் ஸ்லோ ஸ்பீடில் 18 மீட்டர். நம் ஊர் 8 இஞ்ச் சாதாரண கிரைண்டரில் 30 மீட்டர். நம் ஊர் 6 இஞ்சில் 22 மீட்டர்தான்! அதாவது பரணில் கிடக்கும் உங்கள் மாமனாரின் 6 இஞ்ச் கிரைண்டர், வீடியோக்காரர்கள் புகழும் ஸ்லோ ஸ்பீடை விடக் கொஞ்சம்தான் வேகம். இதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் வீடியோ எடுப்பவருக்கு 50 ஹெர்ட்ஸ் நினைவில் இருக்காது.

அதற்காக வேகம் ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தமில்லை. புதிதாகக் கற்பவருக்கு மெதுவான கல் நல்லது. கை தவறினால் தின்னும் இரும்பு குறைவு, சூடு குறைவு, பயமும் குறைவு. 1,425 சுற்று ஓடும் 8 இஞ்ச் கிரைண்டர் எங்காவது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து 110 வோல்ட் எந்திரத்தை வரவழைக்கவும் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் வேறு தேவைப்படும், நம் 50 ஹெர்ட்ஸில் அதன் வேகமும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

ஃபேன் ரெகுலேட்டரைப் போட்டு வேகத்தைக் குறைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். செய்யாதீர்கள். சிங்கிள் ஃபேஸ் கிரைண்டர் மோட்டார் அப்படி அடங்காது. இழுவை போய்விடும், சூடேறி வைண்டிங் கருகும். வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, த்ரீ ஃபேஸ் கிரைண்டர் வாங்கி, வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓடும் வி.எஃப்.டி. (கரண்ட்டின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை மாற்றும் பெட்டி) வைப்பது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த வி.எஃப்.டி. தருவது 230 வோல்ட் த்ரீ ஃபேஸ். நம் ஊர்ச் சின்ன மோட்டார்கள் 415 வோல்ட்டுக்காக 'ஸ்டார்' என்ற வயர் இணைப்பில் கட்டப்பட்டு வரும். ஸ்டாரைப் பிரித்து டெல்டாவாக்கித் தரச் சொன்னால் எந்த வைண்டிங் கடையிலும் செய்வார்கள். இன்னொன்று பழைய பட்டறை வழி: இரண்டு பேரிங்கில் ஓடும் ஸ்பிண்டில், அதற்கு பெல்ட், பக்கத்தில் நான்கு போல் அரை ஹெச்.பி. மோட்டார். புல்லியை மாற்றினால் வேகம் மாறும். அழகாக இருக்காது, ஆனால் இதில் கல் ஓடும் சுகமே தனி. ஒன்று மட்டும் கட்டாயம்: கல்லைச் சுற்றி கனமான இரும்பு கார்டு வைக்காமல் இப்படி எதையும் ஓட்டக்கூடாது.

இனி கல். கிரைண்டரோடு வரும் சாம்பல் நிறக் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். அது வெல்டிங் பட்டறையில் பிசிறு தட்டவும் கடப்பாரை முனை தீட்டவும் செய்த கல். அதன் பிணைப்பு கெட்டியாக இருக்கும், மழுங்கிய துகள் சீக்கிரம் உதிராது. உளி எஃகை அதில் வைத்தால் மழுங்கிய துகள்கள் வெட்டுவதை விட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும், கல்லின் முகம் கண்ணாடிபோல் மின்னும், சூடு ஏறும். நான் முதல் வருஷம் ஒரு நாட்டு உளியை இப்படித்தான் கெடுத்தேன். பட்டறைக்காரர் ஒருவர் பழைய அரத்தைக் காய்ச்சி அடித்துக் கொடுத்த உளி. இரண்டே நொடிதான், விளிம்பில் நீலம் பாய்ந்தது, பதம் போயிற்று. அந்த நீலம் போகும்வரை தீட்டித் தள்ளியதில் கால் இஞ்ச் உளி காற்றில் போனது.

உளிக்கு ஏற்றது வெள்ளைக் கல். அதுவும் அலுமினியம் ஆக்சைடுதான், ஆனால் தூய்மையானது. துகள் எளிதில் உடைந்து புதிய கூர்முனை காட்டும். கல்லின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் வரும் எழுத்து துகளின் வகையைச் சொல்லும், வெள்ளைக்கு 'டபிள்யூ.ஏ.' என்று இருக்கும். அடுத்த எண் துகளின் அளவு: 60 அல்லது 80 போதும். அதை அடுத்து வரும் ஒற்றை ஆங்கில எழுத்துதான் முக்கியம், பிணைப்பு எவ்வளவு கெட்டி என்று அது சொல்லும். 'ஏ' மிக மென்மை, 'இசட்' மிகக் கெட்டி. உளிக்கு 'ஜே' அல்லது 'கே' கேளுங்கள். கடைசியில் 'வி' இருந்தால் விட்ரிஃபைடு, அதாவது சுட்ட மண்பாண்டம் மாதிரியான பிணைப்பு. இதற்காக வெளிநாட்டைத் தேட வேண்டியதில்லை. 1954-இல் தொடங்கிய நம் சென்னை கார்போரண்டம் யுனிவர்சல், கடைக்காரர்கள் "குமி" என்பார்களே, அவர்களும் கிரைண்ட்வெல் நார்ட்டனும் வெள்ளைக் கல் போடுகிறார்கள். டூல் கட்டர் எந்திரங்களுக்குக் கல் விற்கும் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், ஹார்டுவேர் கடையில் கேட்டால் கிடைப்பது அரிது. பச்சைக் கல்லைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அது கார்பைடு முனைக்கானது.

வாங்கும்போது நடுத்துளையின் அளவைப் பாருங்கள். இங்கே கல்லின் துளை பெரும்பாலும் 31.75 மி.மீ., கிரைண்டர் ஷாஃப்ட் அதைவிட மிகவும் ஒல்லி. இடைவெளியை நிரப்ப பிளாஸ்டிக் புஷ் தருவார்கள். கல் ஆடுவதற்கு முதல் காரணம் அந்தப் பிளாஸ்டிக் புஷ்தான், இரண்டாவது காரணம் தகட்டை அழுத்திச் செய்த வாஷர். பக்கத்து லேத் பட்டறையில் ஷாஃப்ட்டுக்கு ஏற்ற இரும்பு புஷ்ஷும், கல்லை இருபுறமும் அழுத்திப் பிடிக்க, முகம் நேராகக் கடைந்த இரண்டு ஜோடி ஃபிளாஞ்சும் செய்து வாங்குங்கள். மொத்தச் செலவிலேயே இதைவிடப் பலன் தரும் செலவு எனக்குத் தெரியாது. நான் வாங்கிய கிரைண்டர் முதல் நாள் மேசையில் நடந்து போனது. கடைக்காரரிடம் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கிளம்பியவனை நண்பர் ஒருவர் தடுத்து, இரண்டு கல்லையும் கழற்றிவிட்டு வெறும் ஷாஃப்ட்டை ஓட்டச் சொன்னார். சத்தமில்லாமல் ஓடியது. மோட்டார்மேல் குற்றமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. புஷ், ஃபிளாஞ்ச் மாற்றி, கல் முகத்தை டயமண்ட் டிரஸ்ஸரால் (கல்லைச் சீவிச் சமமாக்கும் வைர முனைக் கருவி) வாரிய பிறகு மேசையில் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தி வைத்தேன், விழவில்லை. நீங்கள் கடையில் வாங்கும்போதே கல்லைக் கழற்றி ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். வெறும் ஷாஃப்ட்டிலேயே அதிர்வு இருந்தால் அந்த எந்திரம் வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகு எவ்வளவு நேரம் தானாகச் சுற்றி நிற்கிறது என்றும் கவனியுங்கள். சட்டென்று நின்றால் பேரிங் இறுக்கம்.

டயமண்ட் டிரஸ்ஸர் என்றேன் அல்லவா? அதையும் கல்லோடு சேர்த்தே வாங்குங்கள். டிரஸ்ஸர் இல்லாத வெள்ளைக் கல் ஒரே மாதத்தில் நடுவில் குழி விழுந்து கிடக்கும்.

அடுத்து 6 இஞ்சா 8 இஞ்சா. பெரிய கல்லில் தீட்டினால் உளியின் சரிவில் குழிவு குறையும், அதனால் 8 இஞ்ச் நல்லது என்று ஒரு காரணம் எல்லாரும் சொல்வார்கள். சரிவின் நீளம் 10 மி.மீ. என்று வையுங்கள். 8 இஞ்ச் கல்லில் குழிவின் ஆழம் 0.125 மி.மீ., 6 இஞ்சில் 0.167. இந்த 0.04 மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்கும் கை எனக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் 8 இஞ்சுக்கே என் ஓட்டு. அதற்கு வேறு காரணங்கள். 6 இஞ்ச் கல்லின் அகலம் வழக்கமாக 20 மி.மீ., கௌஜை (குழிந்த அலகு உள்ள உளி) உருட்டித் தீட்டும்போது விளிம்பைத் தாண்டி வழுக்கிவிடும். 8 இஞ்சில் 25 கிடைக்கும். 6 இஞ்சில் கல் மோட்டார் உடம்பை விட்டு அதிகம் வெளியே துருத்தாது, உளியின் நீளக் கைப்பிடியை இடமும் வலமும் வீசும்போது மோட்டாரில் இடிக்கும். எடை கூட இருந்தால் அதிர்வும் அடங்கும். அரை ஹெச்.பி. தாராளம். நாம் தொட்டுத் தொட்டு எடுக்கிறோம், அழுத்துவதில்லை. முக்கால், ஒன்று என்று போக வேண்டிய தேவை கனமான இரும்பு வீல் இரண்டு மாட்டினால்தான் வரும்.

அந்த இரும்பு வீல்தான் நீங்கள் கேட்ட சி.பி.என். கியூபிக் போரான் நைட்ரைடு. வைரத்துக்கு அடுத்த கடினம். 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் வென்ட்டார்ஃப் முதன்முதலில் உருவாக்கிய பொருள். வைரம் இருக்கும்போது இது எதற்கு என்றால், சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்போடு கலந்து கரைந்துபோகும். சி.பி.என். இரும்போடு ஒட்டுறவு வைத்துக்கொள்வதில்லை. வட்டமான இரும்பு அல்லது அலுமினிய வீலின்மேல் இதன் துகளை ஒரு படலமாகப் பதித்துத் தருகிறார்கள். டிரஸ் செய்ய வேண்டாம், வெடித்துச் சிதறாது, தூசி குறைவு, சூடு குறைவு. எல்லாவற்றையும்விட, விட்டம் மாறாது. வெள்ளைக் கல் தேயத் தேய ஜிக்கின் அளவு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகரும், சி.பி.என்.னில் இன்று வைத்த அளவு அடுத்த வருஷமும் பொருந்தும். மரம் கடைபவர்கள் இதில் மயங்குவது இதனால்தான்.

விலைதான் இடிக்கும். ஒரு வீலின் விலை பல சமயம் கிரைண்டரின் விலையைத் தாண்டும். முதல் ஆறு மாதம் வாங்காதீர்கள் என்பேன். கற்றுக்கொள்ளும்போது கோணத்தை மாற்றி மாற்றித் தீட்டுவீர்கள், செட்டில் வந்த உளிகளின் மூக்கையே மாற்றி வடிவமைப்பீர்கள். அந்தக் கரடு வேலைக்கு வெள்ளைக் கல் போதும். பிறகு வாங்கும்போது ஒன்றே ஒன்று, 180 கிரிட் (துகளின் அளவு), கிடைத்தால் 40 மி.மீ. அகலம், ஷாஃப்ட்டின் நீளம் அதற்கு எட்டுகிறதா என்று அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். அதில் எச்.எஸ்.எஸ். உளி தவிர எதையும் வைக்காதீர்கள். வீட்டுக் கத்தி, ஆணி, சாதா இரும்பு, அலுமினியம் எதைத் தொட்டாலும் துகளுக்கு இடையே அடைத்துக்கொண்டு வீல் மொக்கையாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் அரிவாளோடு வந்தால் இன்னொரு பக்கத்துச் சாம்பல் கல்லைக் காட்டுங்கள்.

உங்கள் செட் உண்மையிலேயே எச்.எஸ்.எஸ்.தானா என்று பொறியைப் பார்த்தே சொல்லலாம். சாதா கார்பன் எஃகு என்றால் மத்தாப்பு மாதிரி வெளிச்சமாக வெடித்துப் பூ பூக்கும். எச்.எஸ்.எஸ். என்றால் மங்கிய செம்மஞ்சள் கோடுகள், வெடிப்பு அநேகமாக இருக்காது. இரண்டையும் கையாளும் விதம் நேரெதிர். கார்பன் எஃகை அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். நீலம் பாய்ந்தால் பதம் போச்சு. எச்.எஸ்.எஸ். ஐந்நூறு டிகிரி தாண்டியும் கடினம் இழக்காது, கொஞ்சம் நீலமானால் பதற வேண்டியதில்லை. ஆனால் சூடாக இருக்கும்போது தண்ணீரில் போட்டால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழும். கை சுடுகிறதா, ஓரமாக வைத்துவிட்டு அடுத்த உளியை எடுங்கள்.

ஜிக்குக்கு வருகிறேன், இங்கேதான் நிறையப் பேர் கை விடுகிறார்கள். கடைசல்காரனுக்குச் சாணை என்பது நாளுக்கு ஒரு முறை நடக்கும் சடங்கு இல்லை. தேக்கில் சிலிக்கா இருக்கிறது, நல்ல எச்.எஸ்.எஸ். உளிகூட அதில் சில நிமிடத்தில் மழுங்கும். ஒரு கிண்ணம் முடிவதற்குள் நான்கைந்து முறை கிரைண்டருக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் அதே கோணம், அதே வளைவு வந்தால் இரண்டு உரசலில் கூர் திரும்பிவிடும், பத்து நொடி வேலை. கோணம் கொஞ்சம் மாறினாலும் சரிவு முழுவதையும் திரும்பத் தீட்ட வேண்டும், உளி பென்சில் மாதிரி கரையும். அம்பாசமுத்திரத்தில் மரச்செப்பு கடையும் பெரியவர்கள் ஜிக் இல்லாமல் கையாலேயே பிடிப்பதைப் பார்த்து அசந்திருக்கிறேன். அது வாழ்நாள் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லேத் தொடும் நமக்கு வராது.

தேவை இரண்டே பொருள். ஸ்க்ரேப்பர், ரஃபிங் கௌஜ், ஸ்கியூ, பார்ட்டிங் உளிகளுக்குக் கோணம் மாற்றக்கூடிய பெரிய தட்டை ரெஸ்ட். கிரைண்டரோடு வரும் தகர ரெஸ்ட்டைக் கழற்றி எறியுங்கள். இரண்டாவது, கிண்ணம் கடையும் கௌஜையும் ஸ்பிண்டில் கௌஜையும் நகம்போல் வளைவாகத் தீட்ட, கல்லுக்குக் கீழே முன்னும் பின்னும் நகரும் ஒரு கை, அதன் நுனியில் குழி, குழிக்குள் காலூன்றி இடவலமாக வீசும் பிடிப்பு. கனடாவின் ஒன்வே நிறுவனத்தின் வுல்வரீன் இதில் பெயர் பெற்றது. அதே அமைப்பைப் பிளைவுட்டிலும் சதுரக் குழாயிலும் நம்மாலேயே செய்ய முடியும், நான் மூன்று வருஷம் பிளைவுட்டில்தான் ஓட்டினேன். உளி பிடிப்பிலிருந்து எவ்வளவு நீள வேண்டும் என்பதற்கு மேசை ஓரத்தில் ஒரு கட்டை அடித்துவிடுங்கள்; நான் வைத்திருப்பது 45 மி.மீ. கை எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு உளிக்கு ஒன்றாக அளவுக் குச்சி வெட்டி, அதன்மேல் உளியின் பெயரை எழுதி ஆணியில் மாட்டிவிடுங்கள். முதல் முறை கோணம் பொருத்த, சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி, கிரைண்டர் சுவிட்சைத் தொடாமல் கல்லைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். மை குதிகாலிலிருந்து (சரிவின் அடி ஓரம்) நுனிவரை அழிந்திருந்தால் சரி. குதிகாலில் மட்டும் அழிந்தால், அல்லது நுனியில் மட்டும் அழிந்தால், நகர்த்துங்கள்.

கோணம் எவ்வளவு என்று கேட்டால்: கிண்ண கௌஜ் 55 டிகிரி, ஸ்பிண்டில் கௌஜ் 40, ரஃபிங் கௌஜ் 45, ஸ்க்ரேப்பர் 75 வாக்கில் வைத்து ஆரம்பியுங்கள். இதில் ஆளுக்கொரு மதம், அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை.

டோர்மெக் மாதிரி தண்ணீரில் மெதுவாக ஓடும் எந்திரம் பற்றியும் சிலர் சொல்வார்கள். 250 மி.மீ. கல், நிமிடத்துக்கு 90 சுற்று, அருமையான கூர். செதுக்கு உளிக்கும் இழைப்புளி அலகுக்கும் ராஜா. கிண்ணத்துக்கு நடுவே ஐந்து முறை எழுந்து போகிறவனுக்குப் பொறுமை தாங்காது.

பாதுகாப்பில் இரண்டு மூன்று மட்டும். புதுக் கல்லை மாட்டும் முன் துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். கணீர் என்று மணிபோல் ஒலிக்க வேண்டும். "டொக்" என்றால் உள்ளே விரிசல், குப்பையில் போடுங்கள். கல்லில் அச்சிட்ட உச்ச வேகம் உங்கள் மோட்டாரின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒட்டியிருக்கும் தாளைக் கிழிக்காதீர்கள், அது மெத்தை. ஓட்டிய முதல் ஒரு நிமிடம் கல்லுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது. மரச்சுருளும் தூளும் கிரைண்டருக்குக் கீழே குவிய விடாதீர்கள். பொறி விழுந்து அரை மணி நேரம் கழித்துப் புகைவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, மாமனாரின் கிரைண்டர். இறக்குங்கள். பெயர்ப்பலகையைத் துடைத்துப் படியுங்கள். ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள், லொடலொடத்தால் பேரிங் மாற்றுங்கள், பெரிய செலவில்லை. பழைய கல்லை நம்பாதீர்கள், எத்தனை வருஷம் எதன்மேல் கிடந்ததோ. கழற்றும்போது இடது பக்க நட்டு எதிர்த்திசை மரை என்பதை மறக்க வேண்டாம். அதை வழக்கம்போல் திருகி முறுக்கி உடைத்தவர்கள் உண்டு. 60 கிரிட் வெள்ளைக் கல் ஒன்று, இரும்பு புஷ், கடைந்த ஃபிளாஞ்ச், பிளைவுட் ஜிக். இவ்வளவையும் அதில் மாட்டி லேத்துக்கு இரண்டு எட்டு தூரத்தில், முழங்கை உயரத்தில் வையுங்கள். கௌஜ் கைப்பிடி மோட்டாரில் இடித்து எரிச்சல் வரும்போது 8 இஞ்ச் வாங்கிக்கொள்ளலாம். ஜிக் அப்படியே அதற்கு மாறும், அளவுக் குச்சிகளை மட்டும் புதிதாக வெட்ட வேண்டியிருக்கும்.